‘குண்டுப் பணியாரம்’ பலகைக்குப் ‘பாலூ தம்பி’ எழுத்துரு சரிப்படுமா?

வள்ளி_காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் நானும் என் தம்பியும் பணியாரக் கடை ஒன்று தொடங்குகிறோம். கடைக்குப் பெயர் ‘குண்டுப் பணியாரம்’. தை பிறந்ததும் திறப்பு. அடுப்படிப் பக்கம் எனக்குக் கவலையே இல்லை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம் என்று எதைக் கேட்டாலும் அம்மா இருக்கிறார். பெயர்ப் பலகைதான் ஒரு முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டிருக்கிறது.

முகப்பு 12 அடி நீளம், 3 அடி உயரம். எதிரே அகலமான சாலை, அதற்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். அங்கே நிற்பவர்களின் கண்ணில் படவேண்டும். பிளெக்ஸ் அடிக்கும் கடையில் காட்டிய மாதிரிகள் எல்லாம் ஒல்லி எழுத்து. பெயரில் குண்டு என்று வைத்துவிட்டு அதை எலும்பும் தோலுமாக எழுதினால் பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? நானே தேடியதில் கூகுள் பாண்ட்ஸ் தளத்தில் ‘பாலூ தம்பி’ கிடைத்தது. கொழுகொழுவென்று, முனையெல்லாம் மழுங்கி, கொஞ்சம் குறும்பாக இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது.

என் தம்பியோ, ஆங்கிலப் பெயரைக் ‘கூப்பர் பிளாக்’ என்ற தடித்த ஆங்கில எழுத்துருவில்தான் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இரண்டும் ஒரே பலகையில் ஒத்துப்போகுமா? இவ்வளவு தடித்த எழுத்து தூரத்திலிருந்து படிக்க வருமா, அல்லது அப்பிக்கொண்டு தெரியுமா? விலைப்பட்டியல், பார்சல் பெட்டி எல்லாவற்றுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா? கடைக்குப் பயன்படுத்தினால் யாருக்காவது பணம் கட்டவேண்டுமா என்பதும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நுங்கு_வண்டி

பணம் கட்டவேண்டாம். பாலூ, ஓப்பன் பாண்ட் உரிமத்தில் வெளிவந்தது. பலகை, பெட்டி, டீ-ஷர்ட், இணையதளம் என்று எதிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் விற்கப்போவது பணியாரம், அதனால் பிரச்சினை இல்லை.

பதிவிறக்கும்போது ‘பாலூ தம்பி 2’ என்று இருப்பதை எடுங்கள். 2016-இல் வந்த பழைய பதிப்பில் ஒரே ஒரு தடிமன்தான் இருந்தது. ‘2’ என்ற பதிப்பில் ரெகுலர் தொடங்கி, மிகத் தடித்த எக்ஸ்ட்ராபோல்ட் வரை ஐந்து இருக்கின்றன. மற்றதைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

தூரிகை_மதுரை

வள்ளி தங்கச்சிக்கு, கடை நன்றாக நடக்க வாழ்த்துகள். மதுரையில் நான் முதலில் தூரிகை பிடித்துப் பலகை எழுதியவன். பிளெக்ஸ் வந்து எனாமல் டப்பாக்களை மூடவைத்த பிறகு கணினிக்கு மாறினேன். ஆகவே இரண்டு பக்கத்தையும் கலந்துதான் சொல்வேன்.

உங்கள் பெயரில் ஒரு சோதனை இருக்கிறது: ணகரம். அதுவும் இரண்டு முறை வருகிறது, ஒன்று ண், ஒன்று ணி.

எழுத்துரு மாதிரிப் படங்களில் எப்போதும் பார்வைக்குச் சுலபமான சொற்களாகத்தான் போட்டுக் காட்டுவார்கள். ப, ட, ம எல்லாம் எவ்வளவு தடித்தாலும் தாங்கும். அவற்றுக்குள் இருப்பது திறந்தவெளி. தடிமன் கூடினால் அந்த வெளி கொஞ்சம் சுருங்கும், எழுத்து கெடாது. மூன்று சுழி ணகரம் அப்படி இல்லை. அதே உயரத்துக்குள் சுழியும் வளைவும் காலும் அடுத்தடுத்து நிற்கவேண்டும். கோட்டைத் தடிமனாக்க ஆக்க உள்ளே இருக்கும் வெள்ளை செத்துக்கொண்டே வரும். பணியாரச் சட்டியில் மாவை அளவுக்கு மேல் ஊற்றினால் பக்கத்துக் குழியோடு ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதே கதைதான். கையால் எழுதிய காலத்தில் பெயரில் ண, ஞ, ஊ ஏதாவது இருந்தால் நாங்கள் முதலில் அந்த எழுத்தைத்தான் சாக்பீஸால் வரைந்து பார்ப்போம். அது எவ்வளவு கனம் தாங்குகிறதோ அதுதான் மொத்தப் பலகைக்கும் கனம். முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தவன் நடுவில் மாட்டிக்கொள்வான்.

பாலூவைச் செய்தவர்கள் மும்பையில் இருக்கும் எக் டைப் குழு. ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கும் அரபு எழுத்துக்கும் ஒரே சாயலில் செய்து, பெரும்பாலானவற்றுக்கு உள்ளூர் உறவுப் பெயரை ஒட்டிவிட்டார்கள். மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி, நமக்குத் தம்பி. தமிழை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். ஆங்கிலத்தைத் தடிமனாக்கிவிட்டு அதன் மேல் தமிழ்ச் சட்டையை மாட்டிய வேலை இல்லை இது. கோட்டின் முனைகள் உருண்டு முடிவதைப் பாருங்கள்; தமிழ் வளைவுக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. நல்ல எழுத்துரு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை எந்த அளவில், எத்தனை சொல்லுக்கு வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அளவைப் பார்ப்போம். பலகை எழுதும் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: எழுத்து ஓர் அங்குல உயரம் என்றால் பத்து அடி தூரத்துக்கு வசதியாகப் படிக்கலாம். உங்கள் 12 அடி என்பது 144 அங்குலம். இரு பக்கமும் ஓரம் விட்டால் 128 அங்குலம் கிடைக்கும். ‘குண்டுப் பணியாரம்’ என்று ஒரே வரியில் தடித்த எழுத்தில் வைத்தால், ப-வின் உயரம் தோராயமாக 11 அல்லது 12 அங்குலம் வரும். புள்ளி, மேல்விலங்கு, கு-வின் அடிவளைவு எல்லாம் சேர்த்து ஒன்றரை அடி. சாலைக்கு எதிர்ப்புறம் மட்டும் அல்ல, தெருமுனையில் இருந்தே படிக்கலாம். மீதி ஒன்றரை அடியில் ஆங்கிலமும் தொலைபேசி எண்ணும் அடங்கிவிடும்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பெயரைப் ப-வின் உயரம் ஓர் அங்குலம் வருமாறு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்து அடி தள்ளி நில்லுங்கள். பலகையில் 12 அங்குல எழுத்தை 120 அடியில் இருந்து பார்ப்பதும் அதுவும் ஒன்றே. எக்ஸ்ட்ராபோல்ட் ஒன்று, போல்ட் ஒன்று என்று இரண்டையும் ஒட்டுங்கள். கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு ண்-ஐ மட்டும் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிகிறதா, கறுப்புத் திட்டாகத் தெரிகிறதா? திட்டாகத் தெரிந்தால் போல்டுக்கு இறங்கிவிடுங்கள். வீம்பு வேண்டாம். ஒரு படி இறங்கினாலும் குண்டு குண்டுதான்.

பிளெக்ஸ் கடையில் செய்யும் அக்கிரமம் இரண்டு. எழுத்து பலகைக்குள் அடங்கவில்லை என்றால் பக்கவாட்டில் பிடித்து நசுக்குவார்கள். ஒல்லி எழுத்து அதைப் பொறுத்துக்கொள்ளும். தடித்த எழுத்தில் நிற்கும் கோடு மெலிந்து, படுத்த கோடு அப்படியே இருந்து, சுழிகள் நீள்வட்டமாகிப் பார்க்கவே சகிக்காது. இடம் போதாது என்றால் அளவைக் குறையுங்கள். அல்லது அதே குழுவினர் 2022-இல் வெளியிட்ட ‘அனெக் தமிழ்’ பாருங்கள். அதில் தடிமனைப் போலவே அகலத்தையும் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. ஒடுக்கமான தடித்த எழுத்து முறையாக வரையப்பட்டே கிடைக்கும். ஆனால் பாலூவின் குறும்பு அதில் இருக்காது.

அடுத்தது ஓரக்கோடு. சிவப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, அதைச் சுற்றி மஞ்சள் கோடு என்று அடுக்குவார்கள். கணினியில் சும்மா ஓரக்கோடு போட்டால் அது பாதி வெளியே, பாதி எழுத்துக்கு உள்ளே போகும். ண-வுக்குள் மிச்சமிருக்கும் வெளியில் இரு பக்கக் கோடும் வந்து முட்டிக்கொள்ளும். கோட்டை எழுத்துக்குப் பின்னால் போகும்படி வைக்கச் சொல்லுங்கள், சுழிக்குள் வருவதை எடுத்துவிடச் சொல்லுங்கள். இதைக் கேட்டு வாங்காவிட்டால் எந்த எழுத்துருவும் உங்களைக் காப்பாற்றாது.

விலைப்பட்டியலுக்கு வேண்டாம். தடித்த எழுத்து நான்கைந்து சொல்லுக்குத்தான். பத்து வரியும் கத்தினால் எந்த வரியும் காதில் விழாது. பட்டியலுக்கு ‘முக்தா மலர்’ வையுங்கள். அதுவும் எக் டைப் செய்ததுதான், அதனால் வளைவுகளில் ஓர் ஒற்றுமை இருக்கும். ‘பணியாரம்’, ‘காபி’ என்ற தலைப்புகளுக்கு மட்டும் தம்பியைக் கூப்பிடுங்கள்.

பார்சல் பெட்டி வேறு விஷயம். பெட்டியின் மூடி சதுரமாக இருக்கும், அதில் பெயரை இரண்டு வரியாக அடுக்கலாம். தமிழில் அடுக்கினால் மேல்வரியின் கீழ்ப்பாகமும் கீழ்வரியின் மேல்பாகமும் இடித்துக்கொள்ளும். அதற்குப் பயந்து இடைவெளியை அகலமாக விட்டால் இரண்டு சொல்லும் பிரிந்து நிற்கும். உங்கள் பெயருக்கு யோகம் பாருங்கள். மேலே ‘குண்டுப்’, கீழே ‘பணியாரம்’. கு-வின் அடிவளைவு இறங்கும் இடத்தில் கீழே ப நிற்கிறது. அதன் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. ணி-யின் மேல்விலங்கு ஏறும் இடத்தில் மேலே ண் நிற்கிறது. அதன் காலுக்குக் கீழ் ஒன்றுமே இல்லை. இரண்டு வரியையும் நெருக்கிக் கோத்துவிடலாம். ஒரே கட்டியாக, முத்திரை குத்தினால்கூட நன்றாக இருக்கும். தேடினாலும் இப்படி ஒரு பெயர் அமையாது.

இந்த மாதிரி எழுத்தை எங்கே வைக்கக் கூடாது என்பதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றை இதே சாயல் எழுத்தில் வடிவமைத்து என்னிடம் அச்சுக்குக் கொண்டுவந்தார் ஒருவர். பாவம், பெயர் பெரிதாகத் தெரியவேண்டும் என்று நினைத்திருக்கிறார். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற சொற்கள் பிறந்தநாள் கேக்கின் மேல் எழுதியதைப் போல் பூரித்துக்கொண்டு நின்றன. மாற்றித்தான் அடித்தேன். பணியாரத்துக்கு அந்தப் பூரிப்பு வேண்டும், அதனால்தான் உங்களுக்குச் சரி என்கிறேன்.

அச்சுக்கோப்பு

தூரிகை ஐயா சொன்ன ண சோதனை அருமை. ஆனால் தேர்விலேயே எனக்கு உடன்பாடு இல்லை. மழலையர் பள்ளிப் பலகை, பொம்மைக் கடை, யூடியூப் காணொளியின் முகப்புப் படம் என்று எங்கே திரும்பினாலும் பாலூதான். இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருவுக்கு வரும் விதி இது. காரைக்குடியில் வீட்டு முகப்புகளிலேயே சுதையில் எழுத்து இருக்கும் ஊரில், கணினியில் பத்துப் பேர் தேடினால் எட்டுப் பேருக்குக் கிடைக்கும் எழுத்தை ஏன் வைக்கவேண்டும்? ‘காய்னி’ என்று ஒன்று இருக்கிறது, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது. அதுவும் உருண்டை, அதுவும் கனம், ஆனால் அவ்வளவு பழகிப்போகவில்லை. அதையும் பாருங்கள். அதைவிட நல்லது, கையெழுத்துக் கலைஞர் ஒருவரிடம் பெயரை மட்டும் வரைந்து வாங்குவது.

கூப்பர் பிளாக் பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் நான் சொல்கிறேன். சிகாகோவில் ஓஸ்வால்ட் கூப்பர் என்ற விளம்பர எழுத்துக் கலைஞர் வரைந்து, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்சு வார்ப்பு நிறுவனம் 1922-இல் வெளியிட்டது. தூரப் பார்வையுள்ள அச்சகத்தாருக்காக, கிட்டப் பார்வையுள்ள வாடிக்கையாளர்களை வைத்திருப்பவர்களுக்காக என்று கூப்பரே அதைக் கிண்டலாகச் சொல்லிக்கொண்டார். அவருக்கு ஆசிரியராக இருந்தவர் பிரெடரிக் கௌடி. கூப்பர் பிளாக் சக்கைப்போடு போட்டதும், அதற்குப் போட்டியாக மோனோடைப் நிறுவனத்துக்குக் கனமான எழுத்து ஒன்றை வரைய நேர்ந்தது அந்தக் கௌடிக்கே! ‘கௌடி ஹெவிஃபேஸ்’ என்று அதற்குப் பெயர்.

அது ஏன் நூறு ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிறது என்றால், அதில் கூர்மையான மூலை என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எழுத்தின் பாதமும், அதாவது கோட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டும் (செரிஃப்), உருண்டிருக்கும். எழுத்து ஒரு மயிரிழை மேலே கீழே நின்றாலும், மை கொஞ்சம் பரவினாலும், படம் சற்று மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் புகைப்பட முறையில் எழுத்துக் கோத்த காலத்திலும், 70-களில் டீ-ஷர்ட்டில் இஸ்திரி போட்டு ஒட்டிய காலத்திலும் அது மறுபடி மறுபடி எழுந்து வந்தது. இன்று ஈஸிஜெட் விமானத்தின் ஆரஞ்சு நிறத்தில் பறப்பதும் அதுதான். அதன் ஆங்கில ‘O’ எழுத்தைப் பாருங்கள்: உள்ளே இருக்கும் வெள்ளை நேராக நிற்காமல் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில்தான் அதன் குணமே இருக்கிறது.

ஆனால் பாலூவோடு சேர்க்காதீர்கள். கூப்பருக்குப் பாதங்கள் உண்டு, தடித்த இடமும் மெலிந்த இடமும் மாறி மாறி வரும். பாலூவில் பாதமும் இல்லை, தண்டின் முனையில் துருத்தி நிற்கும் முள்ளும் இல்லை, கோடும் ஏறக்குறைய ஒரே கனம். இரண்டும் குண்டு என்பதைத் தவிர வேறு உறவில்லை. ஒரே பலகையில் வைத்தால் இரண்டும் ஒன்றைப்போல் இருக்க முயன்று தோற்றதாகத் தெரியும். பாலூ தம்பியிலேயே அதற்கென்று வரைந்த ஆங்கிலம் இருக்கிறது, அதையே வையுங்கள். இல்லை, கூப்பர்தான் வேண்டும் என்றால் தமிழை அதற்கு ஏற்றபடி கையால் வரைந்துதான் ஆகவேண்டும்.

வள்ளி_காரைக்குடி

அண்ணா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி தாளில் அச்சடித்து அடுப்படிச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். எக்ஸ்ட்ராபோல்டில் ண் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது, ஆனால் படிக்க வருகிறது. அம்மாவைக் கண்ணாடி இல்லாமல் நிற்கவைத்துப் படிக்கச் சொன்னேன். போல்டைத் தடங்கல் இல்லாமல் படித்தார். ஆகவே போல்ட்தான். பெட்டிக்கு நீங்கள் சொன்ன அடுக்கு முறையைத் தம்பி வரைந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்துவிட்டான்.

அச்சுக்கோப்பு சார், கலைஞரிடம் வரைந்து வாங்க எனக்கும் ஆசைதான், இப்போதைக்குக் கையில் அவ்வளவு இல்லை. கூப்பர் விஷயத்தை உங்கள் பெயரைச் சொல்லித்தான் தம்பியிடம் வாதாடினேன். பலகைக்குப் பாலூ ஆங்கிலமே என்று இறங்கி வந்தான்.

இப்போது வேறு இரண்டு சிக்கல். பெயருக்குக் கீழே ‘தேங்காய்ப்பால் பணியாரம், வெள்ளைப் பணியாரம்’ என்று போடச் சொன்னேன். போட்டோஷாப்பில் செய்து அனுப்பியதில் தே-யின் கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, வெள்ளையில் வ-வும் அப்படித்தான். எழுத்துருவில் கோளாறு, பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிடலாம் என்கிறார் செய்தவர். அடுத்து, இரவில் எரியும் எல்இடி எழுத்தாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று உறவினர் ஒருவர் கேட்கிறார். குண்டு எழுத்துக்கு அது சரிப்படுமா?

நுங்கு_வண்டி

கொம்பு விஷயம் எழுத்துருவின் கோளாறு இல்லை. யூனிகோடு தமிழில் தே என்பது முதலில் த, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. பழைய போட்டோஷாப் பதிப்பு என்றால் அமைப்புகளுக்குள் போய், எழுத்து என்ற பகுதியில், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்று தொடங்கும் பத்தி அமைப்பு இருக்கும், அதைப் போடவேண்டும். கொம்பு தானாக இடத்துக்கு வந்துவிடும்.

பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய டிடிபி எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்தவை. அதில் தட்டச்சு செய்ததைப் பாலூவுக்கு மாற்றினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். நாளைக்கு இணையதளத்திலும் வாட்ஸ்அப் பட்டியலிலும் ஒட்டும்போது மறுபடி முதலில் இருந்து அடிக்கவேண்டும்.

கோப்பை அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடச் சொல்லுங்கள். அச்சடிக்கும் இடத்துக் கணினியில் பாலூ இருக்காது. மாற்றாமல் அனுப்பினால் அங்கே கைக்குக் கிடைத்த எழுத்துருவில் ஏறிவிடும். மாற்றாத மூலக்கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூரிகை_மதுரை

அம்மாவின் கண்தான் உண்மையான கண். போல்ட் என்று முடித்தது நல்லது.

அச்சுக்கோப்பு தம்பிக்கு ஒரு வார்த்தை. எங்கும் இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவருக்குப் பாலூவும் தெரியாது காய்னியும் தெரியாது. பசிக்கிற நேரத்தில் பலகை கண்ணில் பட்டதா, பெயர் வாயில் நுழைந்ததா என்பதுதான் அவருக்கு. பழகிப்போனது என்ற சலிப்பு நம்மைப் போல் நாள் முழுதும் எழுத்தைப் பார்க்கிறவர்களின் நோய். கையால் வரைந்து வாங்குவது உயர்ந்தது என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆட்டோவுக்குப் பின்னால் எழுதிக்கொண்டு. வள்ளிக்குக் கையில் காசு சேர்ந்ததும் ஷட்டரில் ஒரு பணியாரச் சட்டியும் பெயரும் எனாமலில் எழுத அவர்களில் ஒருவரைக் கூப்பிடட்டும்.

எல்இடி எழுத்துக்குத் தடித்த எழுத்துதான் தோது. அக்ரிலிக்கில் பெட்டி பெட்டியாக எழுத்தைச் செய்து உள்ளே விளக்குத் துண்டுகளை வரிசையாக ஒட்டுவார்கள். 12 அங்குல எழுத்துக்குப் பாலூவில் கோடே இரண்டு அங்குலத்துக்கு மேல் வரும், விளக்குத் துண்டு தாராளமாக உட்காரும். ஒல்லி எழுத்தில் அதைத் திணிக்க முடியாமல் ஒளி திட்டுத் திட்டாக விழும். இயந்திரத்தில் வெட்டும்போதும் வசதி உண்டு. சுழன்று வெட்டும் முனையால் உள்மூலையைக் கூராக வெட்ட முடியாது, தன் பருமனுக்கு ஏற்ப உருட்டித்தான் வெட்டும். முனையெல்லாம் ஏற்கெனவே உருண்ட எழுத்தில் அது தெரியவே தெரியாது. ஆனால் இதே எழுத்தை மேசை மேல் வைக்கும் சின்ன அக்ரிலிக் பெயர்த்துண்டுக்கு ஓர் அங்குல அளவில் வெட்டக் கொடுக்காதீர்கள். வெட்டும் முனை 3 மில்லிமீட்டர் என்றால் ண-வின் சுழிக்குள் அது நுழையவே நுழையாது.

எல்இடி பலகையில் தமிழுக்கென்று ஒரு தலைவலி புள்ளி. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் எழுதினால் ஒவ்வொன்றும் ஒரே துண்டு. நமக்கு ண், ப், ம் மூன்றுக்கும் தலைக்கு மேல் தனியாக மிதக்கும் மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றும் தனிப் பெட்டி, தனி ஒயர், தனி ஆணி. மழைக்காலத்தில் முதலில் அணைவது அதுதான். இரவில் ‘குணடுபபணியாரம’ என்று எரியும் பலகைகளை மதுரையில் எத்தனை வேண்டுமானாலும் காட்டுவேன். புள்ளியையும் எழுத்தையும் ஒரே பின்தகட்டில் ஏற்றி, இடையில் பலகையின் நிறத்திலேயே ஒரு பாலம் விடச் சொல்லுங்கள். பகலில் அது தெரியாது, ஒயரும் அதன் வழியாகவே போய்விடும். புள்ளியின் அளவையும் குறைக்கவிடாதீர்கள். பாலூவில் அது எழுத்தின் கனத்துக்கு ஏற்ற பெரிய உருண்டையாக இருக்கிறது. செலவு மிச்சம் என்று சின்னதாக்கிவிடுவார்கள்.

ஆங்கிலத்தை எங்கே வைப்பது என்று தம்பி மறுபடி கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் மேலே இருக்கவேண்டும். தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி என்று 5:3:2 என்ற விகிதம் என்பது விதி. உங்கள் தமிழ் 12 அங்குலம் என்றால் ஆங்கிலம் 7 அங்குலத்தில் நிற்கட்டும். பாலூவில் இரண்டும் ஒரே கோப்பில் இருப்பதால் ஆங்கிலத்தை 60 விழுக்காட்டுக்குக் குறைத்தால் போதும். ஆனால் குறைத்ததும் கோடும் மெலியும். தமிழ் போல்ட் என்றால் ஆங்கிலத்துக்கு எக்ஸ்ட்ராபோல்ட் வையுங்கள், இரண்டும் ஒரே கனமாகத் தெரியும்.

நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்: கரும்பழுப்புப் பின்னணியில் வெளிர் மஞ்சள் எழுத்து. இரவில் ஒளிரும் எழுத்து கண்ணுக்கு இன்னும் தடித்துத் தெரியும், அதனால் விளக்கின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைவாக வைத்து ஒரு நாள் இரவு எரியவிட்டுப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். மின்சாரப் பெட்டியைப் பலகைக்குப் பின்னால் மழை படும் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஷட்டருக்கு உள்ளே, கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.